டார்ச் லைட் ஏன் உருண்டோடக் கூடாது? பொருள் வடிவமைப்பில் சின்ன விவரங்களைப் பிடிக்க ஒரு வழிகாட்டி

ஒரு டார்ச் லைட்டை வடிவமைத்துத் தாருங்கள் என்று சொன்னால், இந்தத் துறைக்குப் புதிதாக வந்தவர்கள் பெரும்பாலும் வெளித்தோற்றத்தைத்தான் முதலில் வரைவார்கள். உருளையா பட்டையா, என்ன நிறம், எத்தனை லூமென் வெளிச்சம் என்று போகும். இதெல்லாம் தேவைதான். ஆனால் அந்த டார்ச்சை வாங்கிப் போனவர் ஒரு வருடம் கழித்து அதைப் பற்றி வாய் திறந்தால், பேச்சு வேறு மாதிரி இருக்கும். “மேசையில் வைத்தால் உருண்டு விழுகிறது”, “பைக்குள்ளேயே தானாக எரிந்து பேட்டரி தீர்ந்துபோகிறது”, “இருட்டில் எடுத்தால் சுவிட்ச் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை” என்பார்.

இந்த மூன்று குறைகளுக்கும் தீர்வு சில மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சில மில்லிமீட்டர் யாருடைய மேசையிலும் தானாக உதிப்பதில்லை. பொருள் புழங்கும் இடத்துக்குப் போய்ப் பார்த்துத்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்ததை எழுத்தில் பதித்து வைக்காவிட்டால், தொழிற்சாலைக்குப் போகும் வழியிலேயே அது காணாமல் போய்விடும். இந்த இரண்டு வேலைகளையும் எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப் போகிறேன். கட்டுரை முழுக்க அதே டார்ச்சையே எடுத்துக்கொள்வோம். உங்கள் கையில் இருப்பது நாற்காலியோ மருந்துப் பெட்டியோ எதுவானாலும் முறை ஒன்றுதான்.

படி 1: பொருளின் வாழ்க்கையை முழுசாக எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, பெட்டியைப் பிரிக்கும் நொடியிலிருந்து தூக்கிப் போடும் நாள் வரை அந்தப் பொருளுக்கு என்னவெல்லாம் நடக்கும் என்று வரிசையாக எழுதுங்கள். டார்ச் என்றால் இப்படிப் போகும்: பெட்டியைப் பிரிப்பது, பேட்டரி போடுவது, முதல் முறை எரியவிடுவது, இழுப்பறையில் வைப்பது, மின்சாரம் போனதும் இருட்டில் தடவித் தேடுவது, ஒரு கையில் ஏதோ இருக்க மறு கையால் எரியவிடுவது, இரண்டு கையும் வேண்டியிருக்கும்போது வாயில் கவ்விக்கொள்வது, தண்ணீரில் போடுவது, கீழே விடுவது, மாதக்கணக்கில் தொடாமல் கிடப்பது, பேட்டரி கசிவது, கடைசியில் கழிப்பது.

எழுதி முடித்ததும் ஒன்று தெரியும். “பயன்படுத்துவது” என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தது அந்தப் பட்டியலில் இரண்டு மூன்று வரிதான். மீதி எல்லாம் எடுப்பது, வைப்பது, தேடுவது, சுத்தம் செய்வது, சும்மா கிடப்பது. தொல்லைகள் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கின்றன. சும்மா கிடக்கும் டார்ச்சைப் பாருங்கள். அல்கலைன் பேட்டரி தீர்ந்த நிலையில் உள்ளேயே கிடந்தால், அதிலிருக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசிந்து ஸ்பிரிங்கையும் தகடுகளையும் அரித்துவிடும். அவசரத்துக்கென்று வாங்கி வைத்த டார்ச் அவசர நேரத்தில் எரியாமல் போவதற்கு இது முக்கியமான காரணம். அதற்காக நாம் செய்யக்கூடியவை சின்னவைதான்: பேட்டரிக் கூடு தனியாகக் கழன்று வர வேண்டும், ஸ்பிரிங்கைத் துடைக்கும்படி விரல் நுழைய வேண்டும், மூடி கருவி இல்லாமல் திறக்க வேண்டும். இவற்றில் எதுவும் வெளிச்சத்தைக் கூட்டாது, ஆனால் டார்ச் உயிரோடு இருக்கும்.

கழிக்கும் கட்டத்தையும் விட்டுவிடாதீர்கள். பானம் அடைத்த டின்களின் மூடித் தகடு ஒரு காலத்தில் இழுத்ததும் தனியாகக் கையோடு வந்துவிடும். மக்கள் அதைத் தரையில் போட்டார்கள்; வெறுங்காலோடு நடந்தவர்களை அது கிழித்தது. திறந்த பிறகும் டின்னோடேயே ஒட்டியிருக்கும் தகட்டை ரெனால்ட்ஸ் மெட்டல்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த டேனியல் கட்ஸிக் 1975-ல் கொண்டுவந்தார். குடிப்பவரின் வேலையில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. குடித்து முடித்த பிறகு என்ன நடக்கிறது என்று யோசித்ததால் வந்த மாற்றம் அது.

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்: எங்கே நடக்கிறது, எந்தக் கையால், எவ்வளவு வெளிச்சத்தில், யார். பதில் தெரியாத கட்டங்கள் நிறைய வரும். அவற்றை ஊகித்து நிரப்பாமல் வெறுமையாகவே விடுங்கள். அடுத்த படிக்கு நீங்கள் கையில் எடுத்துப் போக வேண்டியவை அந்த வெற்றுக் கட்டங்கள்தான்.

படி 2: கேட்காதீர்கள், கைகளைப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

மனிதர்கள் தொல்லைக்குச் சீக்கிரம் பழகிவிடுவார்கள். பழகிய பிறகு அது தொல்லை என்பதே மறந்துபோகும். அதனால் “இதில் என்ன குறை?” என்று கேட்டால், கண்ணுக்கு உடனே தெரிவதைத்தான் சொல்வார்கள். இதற்கு நல்ல உதாரணம், சமையலறைக் கருவிகள் செய்யும் ஆக்ஸோ நிறுவனத்தின் சாய்வான அளவுக் கோப்பை. வழக்கமான அளவுக் கோப்பையில் என்ன பிரச்சினை என்று கேட்டபோது, கண்ணாடி உடைகிறது, கை வழுக்குகிறது என்ற மாதிரிதான் பதில் வந்தது. பயன்படுத்துவதைப் பக்கத்தில் நின்று பார்த்தபோதோ வேறொன்று தெரிந்தது. ஊற்றுகிறார்கள், குனிந்து கோட்டைப் பார்க்கிறார்கள், நிமிர்ந்து இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறார்கள், மறுபடி குனிகிறார்கள். குனிய வேண்டியிருக்கிறது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை, ஏனென்றால் அளப்பது என்றாலே குனிவதுதான் என்று எல்லோருக்கும் பழகிவிட்டது. கோப்பைக்குள் ஒரு சாய்வான விளிம்பை வைத்து அதன்மேல் அளவுக் கோடுகளைப் போட்டதும், நின்றபடியே மேலிருந்து படிக்க முடிந்தது.

பார்க்கும்போது கவனிக்க வேண்டிய அறிகுறிகள் சில உண்டு. கை ஒரு நொடி தயங்கி நிற்பது. பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது. இரண்டாவது முறை முயல்வது. பல்லால் கடித்துத் திறப்பது. எல்லாவற்றையும் விட மதிப்புள்ளது, அவர்கள் பொருளின்மேல் தாங்களாகச் செய்து வைத்திருக்கும் வேலை: டேப் ஒட்டியிருப்பார்கள், ரப்பர் பேண்ட் சுற்றியிருப்பார்கள், மார்க்கரால் அம்புக்குறி போட்டிருப்பார்கள், கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். டார்ச்சில் ரப்பர் பேண்ட் சுற்றியிருந்தால் அது வழுக்குகிறது அல்லது உருள்கிறது என்று அர்த்தம். உங்கள் வேலையில் பாதியை அவர் ஏற்கெனவே செய்து முடித்துவிட்டார். படம் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

எப்படிப் பார்ப்பது? பொருளைக் கொடுத்து “இதைப் பயன்படுத்திக் காட்டுங்கள்” என்று சொன்னால் நடிப்புத்தான் கிடைக்கும். வேலையைக் கொடுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, “கட்டிலுக்கு அடியில் ஒரு ஸ்க்ரூ விழுந்திருக்கிறது, எடுத்துத் தாருங்கள்” என்று சொல்லுங்கள். டார்ச் இழுப்பறைக்குள் இருக்கட்டும். கேமராவை முகத்துக்கு வைக்காமல் கைக்கு வையுங்கள். அவர் தடுமாறும்போது உதவாதீர்கள். வாயைத் திறந்து விளக்கவும் வேண்டாம். இது சொல்லச் சுலபம், செய்யக் கஷ்டம். நீங்கள் வரைந்த சுவிட்சை ஒருவர் கண்டுபிடிக்க முடியாமல் தடவிக்கொண்டிருக்கும்போது, “அதோ, வால் பக்கம்” என்று நாக்கு நுனி வரை வந்துவிடும். அடக்கிக்கொள்ளுங்கள். அவர் கடைக்குப் போய் வாங்கும்போது நீங்கள் பக்கத்தில் நிற்கப் போவதில்லை.

யாரைப் பார்ப்பது என்பதும் முக்கியம். உங்களைப் போன்றவர்களை மட்டும் பார்த்தால் உங்களுக்குத் தெரிந்ததுதான் மறுபடி தெரியும். இடது கைப் பழக்கம் உள்ளவர் ஒருவர் கட்டாயம் வேண்டும். உலகில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் அப்படித்தான். கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாதவர், விரல் மூட்டு வலி உள்ளவர், சின்னக் கை உள்ளவர் என்று தேடிப் போங்கள். அதே ஆக்ஸோவைத் தொடங்கிய சாம் ஃபார்பரின் கதை இந்தத் துறையில் எல்லோரும் சொல்வதுதான், ஆனால் சொல்லத் தகுந்தது. அவருடைய மனைவி பெட்ஸிக்கு மூட்டு வாதம். காய் தோல் சீவியின் மெல்லிய உலோகப் பிடி அவர் கையை நோகடித்தது. அதைப் பார்த்து ஃபார்பர் தொடங்கியதுதான் 1990-ல் வந்த குட் கிரிப்ஸ் வரிசை. தடிமனான மெத்தென்ற ரப்பர் பிடி, விரல் வைக்கும் இடத்தில் வளைந்து கொடுக்கும் மெல்லிய வரிகள், அவ்வளவுதான். வாங்கியவர்களில் பெரும்பாலோர் மூட்டு வலி இல்லாதவர்கள். மிகவும் சிரமப்படும் கைக்குச் சரியாக அமைந்த பிடி மற்ற எல்லாக் கைகளுக்கும் சுகமாக இருந்தது. அதனால் இவர்களைப் பார்ப்பதைத் தர்ம காரியமாக எண்ணாதீர்கள். பிரச்சினை முதலில் அவர்கள் கையில்தான் தெரியும்.

படி 3: மோசமான நேரத்தை மனதில் வையுங்கள்

வடிவமைப்பாளர் பொருளைப் பகல் வெளிச்சத்தில், காய்ந்த கையோடு, அவசரமில்லாமல் பார்க்கிறார். பயன்படுத்துபவர் இருட்டில், ஈரக் கையோடு, பாதித் தூக்கத்தில் எடுக்கிறார். இரண்டாவது நிலைமைக்குத்தான் விவரங்களை அமைக்க வேண்டும்.

கண் உதவாத நேரத்தில் விரல் உதவும். விசைப்பலகையில் எஃப், ஜே எழுத்துகளிலும் எண் பலகையில் 5-லும் இருக்கும் சின்ன மேட்டைத் தடவிப் பாருங்கள். பார்க்காமலேயே கை தன் இடத்தில் போய் உட்கார அது போதும். ஜப்பானின் காவோ நிறுவனம் 1991-ல் ஷாம்பு பாட்டிலின் பக்கவாட்டில் வரி வரியாகப் பள்ளம் மேடு வைத்தது, கண்டிஷனர் பாட்டிலை வழவழப்பாக விட்டது. பார்வையற்றவர்கள் இரண்டையும் பிரித்தறிய வேண்டும் என்பதுதான் நோக்கம். ஆனால் தலையில் நுரையோடு கண்ணை மூடிக்கொண்டு நிற்கும்போது எல்லோருக்கும் அந்த வரி தேவைப்படுகிறது. மற்ற நிறுவனங்களும் அதே வரியைப் பின்பற்ற முடிந்ததால்தான் அது ஒரு பொது அடையாளமாக மாறியது.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். சார்ஜ் ஆகும்போது சிவப்பு, முடிந்ததும் பச்சை என்று ஒரே விளக்கில் காட்டுவது பரவலான பழக்கம். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்ப்பது கடினம். ஆகும்போது விட்டு விட்டு எரியட்டும், முடிந்ததும் நிலையாக எரியட்டும். ஒரு பைசா செலவில்லை, மென்பொருளில் ஒரு வரி.

டார்ச்சில் இன்னொன்று. மனிதக் கண் இருட்டுக்கு முழுசாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். நடு இரவில் எழுந்தவர் டார்ச்சை அழுத்தியதும் உச்ச வெளிச்சம் அடித்தால், பழகிய கண் அத்தனையும் வீணாகிவிடும். அணைத்த பிறகு சுவர்கூடத் தெரியாது. எனவே முதல் அழுத்தத்தில் மங்கல், அடுத்ததில் பிரகாசம். கடையில் முதல் அழுத்தத்திலேயே பளிச்சென்று எரிந்தால்தான் விற்கும் என்று விற்பனைப் பிரிவு வாதாடும். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் வாங்குவது ஒரு நாள், எரியவிடுவது பல நூறு இரவு. நான் இரவுகளின் பக்கம்தான் நிற்பேன்.

படி 4: தவறு நடக்கவே முடியாதபடி அமையுங்கள்

“பேட்டரியைச் சரியான திசையில் போடவும்” என்று அச்சடிப்பது வடிவமைப்பு ஆகாது. நேர்முனைத் தகட்டைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் வளையம் ஒன்று வைத்தால், பேட்டரியின் மேடான முனை மட்டும்தான் தகட்டைத் தொடும். தட்டையான முனையைத் திருப்பிப் போட்டால் வளையத்தில் முட்டி நின்றுவிடும். எரியாது, எதுவும் கெடாது, அவரே திருப்பிப் போட்டுக்கொள்வார். சிம் கார்டின் ஒரு மூலை வெட்டப்பட்டிருப்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது.

1961-ல் ஜப்பானியப் பொறியாளர் ஷிகேயோ ஷிங்கோ ஒரு தொழிற்சாலைக்குப் போனார். அங்கே இரண்டு ஸ்பிரிங் உள்ள ஒரு சின்ன சுவிட்சின் பாகங்களைச் சேர்த்துப் பூட்டும்போது தொழிலாளர்கள் சில நேரம் ஒரு ஸ்பிரிங்கை மறந்துவிட்டார்கள். கவனமாக இருங்கள் என்று திட்டிப் பயனில்லை. முதலில் இரண்டு ஸ்பிரிங்கை எடுத்து ஒரு சின்னத் தட்டில் வையுங்கள், பிறகு பூட்டுங்கள் என்று முறையை மாற்றினார். பூட்டி முடித்த பிறகும் தட்டில் ஒன்று மிஞ்சியிருந்தால் மறதி அங்கேயே கண்ணில் படும். பூட்டுகிறவரும் உங்கள் பொருளைப் பயன்படுத்துகிறவர்தான் என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

வரிசையும் ஒரு விவரம். பணம் முதலில் வந்துவிட்டால் வந்த வேலை முடிந்தது என்று மனம் கிளம்பிவிடும், கார்டு எந்திரத்திலேயே நின்றுபோகும். அதனால் பல ஏடிஎம்கள் கார்டை எடுத்த பிறகுதான் பணத்தைத் தருகின்றன. பிரிட்டனின் மூன்று முனை ப்ளக்கிலும் வரிசைதான் காவல் காக்கிறது: எர்த் முனை மற்ற இரண்டையும் விட நீளம், அது முதலில் உள்ளே போய்ச் சாக்கெட்டின் மின் துளைகளை மூடியிருக்கும் தடுப்பைத் திறக்கும். குழந்தை மின் துளையில் கம்பியை நுழைத்தால் தடுப்பு திறக்காது.

இதோடு இன்னொன்றையும் சேருங்கள்: நீங்கள் நினைக்காத விதத்தில் பொருளைப் பயன்படுத்தினால் என்ன ஆகும்? பேனா மூடியைக் குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்வார்கள், சில நேரம் தொண்டையில் சிக்கும். மூடியின் உச்சியில் இருக்கும் துளை அப்போது கொஞ்சம் காற்று போக வழி விடும். அதற்கென்றே ஐஎஸ்ஓ 11540 என்ற தரவிதி இருக்கிறது. பழைய குளிர்பதனப் பெட்டிகளின் கதவில் வெளியிலிருந்து மட்டும் திறக்கும் தாழ் இருந்தது. தூக்கிப் போட்ட பெட்டிக்குள் ஒளிந்து விளையாடிய குழந்தைகள் மூச்சு முட்டி இறந்தார்கள். உள்ளிருந்தும் திறக்க முடிய வேண்டும் என்று அமெரிக்கா 1956-ல் சட்டம் போட்டது. காந்தப் பட்டை வைத்த கதவு அந்தச் சட்டத்துக்குப் பொருத்தமாக அமைந்தது. டார்ச்சை வாயில் கவ்வுவார்கள் என்று முதல் படியில் எழுதினீர்கள் அல்லவா? அப்படியானால் வால் பகுதியின் பூச்சு வாயில் படலாமா, பல்லுக்குப் பிடிப்பு இருக்கிறதா என்பதெல்லாம் இப்போது உங்கள் வேலை.

படி 5: ஒரு வரியில், அளவோடு எழுதுங்கள்

பார்த்ததை எல்லாம் தேவை என்ற வடிவத்துக்கு மாற்ற வேண்டும். “பிடிக்க வசதியாக இருக்க வேண்டும்” என்று எழுதினால் அதை யாரும் மறுக்கவும் மாட்டார்கள், செய்யவும் மாட்டார்கள். சோதித்து ஆம், இல்லை என்று சொல்ல முடிகிற வரியாக எழுதுங்கள். டார்ச்சுக்கு இப்படி எழுதலாம்:

சோப்பு நீரில் நனைத்த ஒரே கையால், பார்க்காமல், எடுத்த 3 விநாடிக்குள் எரியவிட முடிய வேண்டும்.

10 டிகிரி சரிவான பலகையில் எந்தப் பக்கமாகப் படுக்க வைத்தாலும் அரைச் சுற்றுக்கு மேல் உருளக் கூடாது.

சாவிக்கொத்தோடு ஒரு பையில் போட்டு ஐந்து நிமிடம் குலுக்கினாலும் தானாக எரியக் கூடாது.

ஒவ்வொன்றுக்கும் கீழே “ஏனெனில்” என்று தொடங்கி, நீங்கள் கண்ணால் பார்த்த காட்சியை எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து யாராவது “இது எதற்கு?” என்று கேட்கும்போது உங்கள் சார்பாகப் பேசப் போவது அந்த வரிதான்.

எழுதி அனுப்புவதால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. ஃபோர்டு நிறுவனத்தில் வேலை பார்த்த ஜிம் மாய்லன் 1986-ல் ஒரு நாள் மழையில், தனக்குப் பழகாத நிறுவன வண்டிக்கு எரிபொருள் போடப் போனார். டேங்க் மூடி எந்தப் பக்கம் என்று தெரியாமல் தப்பான பக்கத்தில் நிறுத்தி நனைந்தார். எரிபொருள் அளவு காட்டும் முள்ளுக்குப் பக்கத்தில், மூடி எந்தப் பக்கம் என்று காட்டும் ஒரு சின்னக் குறி வைக்கலாமே என்று குறிப்பு எழுதி அனுப்பினார். 1989 மாடல் எஸ்கார்ட் வண்டியில் அந்த அம்புக்குறி வந்தது. இன்று ஏறக்குறைய எந்த நிறுவனத்தின் காரில் உட்கார்ந்தாலும் அதைப் பார்க்கலாம். அன்று நனைந்தவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். அவர் அதைக் காகிதத்தில் எழுதினார்.

படி 6: ஒரு விவரத்துக்கு ஒரு மாதிரி

முழுப் பொருளையும் அழகாகச் செய்து பிறகு சோதிப்பது வீண் செலவு. அட்டை, ஃபோம், களிமண், 3டி பிரிண்ட் என்று கைக்குக் கிடைத்ததில் அந்த ஒரு விவரத்தை மட்டும் செய்து பாருங்கள். எடை மட்டும் சரியாக இருக்கட்டும். உள்ளே மணலோ நட்டுகளோ போட்டுச் சமன் செய்யலாம். எடை தவறினால் பிடியைப் பற்றி நீங்கள் அறிவது எல்லாமே தவறாகும்.

டார்ச்சின் வால் பக்கச் சுவிட்சைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம், ஏனென்றால் ஒரு சின்ன விவரத்துக்குள் எத்தனை இழுபறி இருக்கிறது என்பது இதில் நன்றாகத் தெரியும். சுவிட்ச் வெளியே துருத்திக்கொண்டிருந்தால் இருட்டில் உடனே கிடைக்கும், கையுறையோடும் அழுத்தலாம். ஆனால் பைக்குள் எதிலாவது பட்டு எரிந்துவிடும், டார்ச்சை வால் கீழாக மேசையில் நிறுத்தி வைக்கவும் முடியாது. நிறுத்தினால் வெளிச்சம் கூரையில் பட்டு அறை முழுதும் பரவுமே, அந்த வசதி போய்விடும். சரி என்று சுவிட்சை உள்ளே குழித்து வைத்தால் இந்த இரண்டும் தீரும், ஆனால் தடித்த விரலும் கையுறையும் அதை எட்டாது. இதற்கு இப்போது பரவலாக இருக்கும் தீர்வு, சுவிட்சின் இரண்டு பக்கமும் காது போல இரண்டு மதில் எழுப்பி, மற்ற இரண்டு பக்கத்தையும் திறந்து விடுவது. மதில்கள் டார்ச்சை நிற்க வைக்கும், தற்செயலான அழுத்தத்தைத் தடுக்கும். திறந்த பக்கம் வழியாகக் கட்டைவிரல் வழுக்கிக்கொண்டு உள்ளே வரும். மதிலில் ஒரு துளை போட்டால் கயிறும் கட்டலாம்.

இந்த மதிலின் உயரம் எவ்வளவு? அதைக் கணக்குப் போட்டுச் சொல்ல முடியாது. அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தில் மூன்று நான்கு வால்களைப் பிரிண்ட் செய்து, கண்ணை மூடிக்கொண்டு பலரையும் அழுத்தச் சொல்லுங்கள். எது நல்லது என்று கேட்க வேண்டாம். எதில் விரல் தயங்கவில்லை என்று பாருங்கள். விளிம்பு விரலில் வெட்டுகிறதா என்பதைப் பத்து முறை தொடர்ந்து அழுத்திய பிறகு கேளுங்கள், முதல் முறையிலேயே தெரியாது.

உருள்வதற்குத் தீர்வு இன்னும் எளிது. தலைப் பகுதியை அறுகோணமாக்கினாலோ உடலில் ஒரு கிளிப் வைத்தாலோ போதும். பைக்குள் எரிவதற்கு உலோக டார்ச்சில் இன்னொரு வழியும் உண்டு. அலுமினியத்துக்கு அனோடைசிங் செய்தால் மேலே படியும் ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது. வால் மூடியின் மரைகளுக்கும் அந்தப் பூச்சு இருந்தால், மூடியைக் கால் சுற்று தளர்த்தியதுமே மின்சுற்று அறுந்துவிடும். பயணத்துக்கு முன் ஒரு திருகு, அவ்வளவுதான். ஒரு பாகமும் கூடவில்லை. எனக்கு இந்த மாதிரித் தீர்வுகள்மீது தனிப் பிரியம் உண்டு: ஏற்கெனவே இருக்கும் ஒன்றே இன்னொரு வேலையையும் செய்துவிடுகிறது.

படி 7: எதை விடுவது என்று முடிவு செய்யுங்கள்

இந்த இடத்தில் உங்கள் பட்டியல் நீண்டுபோயிருக்கும். எல்லாவற்றையும் சேர்க்க முடியாது, சேர்க்கவும் கூடாது. யாருக்காவது காயம் வரக்கூடியவை முதலில். பொருள் பயன்படாமலே போகக்கூடியவை அடுத்தது. அதற்கப்புறம் தினமும் உறுத்துபவை. எப்போதாவது ஒரு முறை வருபவை கடைசி. தினமும் பத்து முறை வரும் சின்ன உறுத்தல், வருடத்துக்கு ஒரு முறை வரும் பெரிய எரிச்சலை விட முக்கியம் என்பது என் கருத்து. இதில் பலரோடு எனக்கு வாதம் நடக்கும்.

கூடுதல் வசதியையும் சின்ன விவரத்தையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். டார்ச்சில் ஐந்து விதமாக மின்னும் முறைகளைச் சேர்ப்பது, அணைப்பதற்கு ஐந்து முறை அழுத்த வைக்கும். நல்ல விவரம் பயன்படுத்துபவரின் வேலையில் ஏதோ ஒன்றைக் குறைத்திருக்கும்.

படி 8: தொழிற்சாலை வரை கூடவே போங்கள்

செலவுப் பேச்சு எப்படியும் வரும். பிளாஸ்டிக்கை வார்க்கும் எஃகு அச்சை, அதாவது மோல்டை, வெட்டுவதற்கு முன்னால் ஒரு மேட்டைச் சேர்ப்பது கணினியில் சில நிமிட வேலை. வெட்டிய பிறகு கதை வேறு. அப்போதும் ஒரு திசை சுலபம், மறு திசை கடினம் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். மோல்டின் எஃகை இன்னும் கொஞ்சம் குடைந்து எடுத்தால் பொருளில் மேடு உயரும். அது முடிகிற காரியம். மேட்டைக் குறைக்க வேண்டுமென்றால் குடைந்த இடத்தில் மறுபடி உலோகத்தை வெல்டிங் செய்து நிரப்பிச் சீராக்க வேண்டும். அதனால் அளவில் சந்தேகம் இருக்கிற மேட்டைச் சின்னதாகவே தொடங்குங்கள். மோல்டு செய்பவரிடம் இதை முன்கூட்டியே சொல்லி வைத்தால், அவரே அந்த இடத்தில் இடம் விட்டுச் செய்வார்.

வரைபடத்தில் காரணத்தை எழுதுங்கள். “0.5 மி.மீ. மேடு” என்று மட்டும் போட்டால், மெருகேற்றுபவர் அதைப் பிசிறு என்று நினைத்துத் தேய்த்துவிடலாம். “இருட்டில் சுவிட்சைக் கண்டுபிடிப்பதற்கான மேடு, தேய்க்க வேண்டாம்” என்று பக்கத்தில் எழுதினால் தேய்க்க மாட்டார். பெயின்ட் அடித்தாலோ ரப்பர் பூச்சு கொடுத்தாலோ மேடு மழுங்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள். முதல் மாதிரிகள் வந்ததும் கண்ணால் பார்த்துச் சரி சொல்லாதீர்கள். ஐந்தாம் படியில் எழுதிய வரிகளை எடுத்து ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். சோப்பு நீர், சரிவுப் பலகை, சாவிக்கொத்து, எல்லாம். தேறிய ஒரு மாதிரியில் கையெழுத்திட்டுத் தொழிற்சாலையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு தொகுதியையும் அதோடு ஒப்பிடட்டும்.

படி 9: பழசானதைத் திரும்ப வாங்கிப் பாருங்கள்

விற்று ஒரு வருடம் ஆனதும், நன்றாகப் புழங்கிய பொருள்களைத் தேடி வாங்குங்கள். பதிலுக்குப் புதிது கொடுத்தால் சந்தோஷமாகத் தருவார்கள். பூச்சு எங்கே தேய்ந்திருக்கிறது, அழுக்கு எங்கே சேர்ந்திருக்கிறது, எந்த மூலை நசுங்கியிருக்கிறது என்று பார்த்தால், பயன்படுத்தியவர் எங்கே பிடித்தார், எப்படிக் கீழே விட்டார் என்பது வரைந்து வைத்தது போலத் தெரியும். நீங்கள் பிடி என்று அமைத்த இடம் புத்தம் புதிதாக இருந்து, வேறோர் இடம் தேய்ந்திருந்தால், அடுத்த பதிப்பில் பிடி அங்கே போக வேண்டும். பழுது பார்ப்பவர்களிடமும் போய் உட்காருங்கள். எந்த ஸ்க்ரூ கழல மாட்டேன் என்கிறது, எந்தக் கொக்கி திறக்கும்போதே உடைகிறது என்று அவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

இன்றே தொடங்க வேண்டுமென்றால், புதுப் பொருள் எதுவும் வேண்டாம். வீட்டில் தினமும் கை படும் ஒன்றை எடுங்கள்: குழாய்ப் பிடி, ரிமோட், தண்ணீர் பாட்டில். அதன் வாழ்க்கையை ஒரு தாளில் எழுதுங்கள். வீட்டில் இருக்கும் வேறொருவர் அதைப் பயன்படுத்துவதை, சொல்லாமல் கவனியுங்கள். சோதிக்கக்கூடிய வரிகளாகச் சிலவற்றை அளவோடு எழுதுங்கள். அவற்றில் ஒன்றுக்கு டேப், ரப்பர் பேண்ட், அட்டை வைத்து ஒரு திருத்தம் செய்து, எதுவும் சொல்லாமல் பழைய இடத்திலேயே வைத்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்து அந்தத் திருத்தம் பிய்த்துப் போடப்பட்டிருக்கிறதா, அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். பிய்த்திருந்தால், ஏன் என்று அவரிடம் கேட்டு, அந்தப் பதிலையும் தாளில் சேர்த்துக்கொண்டு இரண்டாவது மாதிரியைச் செய்யத் தொடங்குங்கள்.